கிராமப்புற விபத்துச் சிகிச்சையில் பொது அறுவை மருத்துவரின் பங்கு

கொல்கத்தா மாநகரின் தென்மேற்குப் பகுதியில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்தது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளமும் துறைமுகப் பண்டகசாலைகளும் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி இது. 1887ஆம் ஆண்டு தோன்றிய வங்காள–நாகபுரி ரயில்வேயின் தலைமையகம் இங்கு இருந்தது. 1955 ஆகஸ்டு 1 அன்று உருவான தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் அதன் மத்திய மருத்துவமனையும் இன்று இங்குதான் உள்ளன.

இந்த ரயில்வேயின் இருப்புப் பாதைகளோ கார்டன் ரீச்சிலிருந்து வெகு தொலைவுக்குச் செல்கின்றன. கரக்பூர், ஆத்ரா, சக்ரதர்பூர், ராஞ்சி ஆகிய நான்கு கோட்டங்களின் வழியாக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் வயல்வெளிகளையும் காடுகளையும் சுரங்கப் பகுதிகளையும் அவை ஊடுருவிச் செல்கின்றன. தேர்ந்த மருத்துவர்களும் நவீனக் கருவிகளும் பெருநகரத்தில் இருக்க, விபத்து நேர்வதோ பெரும்பாலும் சிற்றூரின் எல்லையில். நம் நாட்டின் விபத்துச் சிகிச்சை முழுவதற்கும் இந்த நிலை பொருந்தும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில் காயமுற்றவரின் உயிரைக் காக்கக்கூடியவர் யார் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும்.

பஹனகா விபத்து

2023 ஜூன் 2 அன்று மாலை ஏழு மணியளவில், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் உள்ள பஹனகா பஜார் ரயில் நிலையத்தில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி கிளைப்பாதைக்குத் திருப்பப்பட்டு, அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. தடம் புரண்ட பெட்டிகள், எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா விரைவு வண்டியின் கடைசிப் பெட்டிகளையும் தாக்கின. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சமிக்ஞை இணைப்புப் பணிகளில் நேர்ந்த குறைபாடுகளே காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

இந்த நிலையம் கரக்பூர் கோட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே கார்டன் ரீச்சின் நிர்வாகத்துக்கு உட்பட்டது. ஆனால் ஹவுராவிலிருந்து இருப்புப் பாதை வழியே அதன் தொலைவு ஏறத்தாழ 250 கி.மீ. ஆகும். எனவே காயமுற்றோரை முதலில் மீட்டவர்கள் சுற்றுப்புறக் கிராம மக்களே. முதலில் ஏற்றுக்கொண்டவை சோரோ, கோபால்பூர், கந்தபாடா போன்ற சிற்றூர்களின் சுகாதார நிலையங்கள். அடுத்த நிலையில் பாலசோர், பத்ரக் மாவட்ட மருத்துவமனைகளும், அதற்கும் அப்பால் கட்டாக் நகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பயன்பட்டன. அன்றிரவு பாலசோரில் இரத்ததானம் செய்ய இளைஞர்கள் வரிசையில் நின்றனர்.

இதற்கு முன்பும், 2010 மே 28 அன்று அதிகாலையில், மேற்கு வங்கத்தின் சர்திஹா, கேமாசூலி நிலையங்களுக்கு இடையே ஞானேஸ்வரி விரைவு வண்டி தடம் புரண்டு 140க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, சிகிச்சையின் முதற் சுமையை ஏற்க வேண்டியிருந்தது நகருக்கு வெளியே இருந்த மருத்துவமனைகளே. விபத்து நிவாரண மருத்துவ ஊர்திகளை ரயில்வே ஆங்காங்கே ஆயத்தமாக வைத்துள்ளது. இவற்றில் அறுவை மேசையுடன் கூடியவையும் உண்டு. எனினும் அவை இடத்தை அடையும் வரை அருகிலுள்ள மருத்துவமனையே துணை.

இவை நாடறிந்த பெருவிபத்துகள். இவற்றைவிடப் பன்மடங்கு உயிர்களைப் பறிப்பவை, நாள்தோறும் ஒன்றிரண்டாக நேரும் சாலை விபத்துகளாகும். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறங்களில் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள். கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கும் கை, பனை மரத்திலிருந்து விழும் தொழிலாளி, மாடு முட்டிக் கிழிந்த வயிறு ஆகியவை இந்தக் கணக்கில் வராதவை.

தொலைவும் நேரமும்

2024 மார்ச் 17 நள்ளிரவை ஒட்டி, கார்டன் ரீச்சில் கட்டப்பட்டு வந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து, அருகிலிருந்த குடிசைகளின் மீது விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட துயர நிகழ்ச்சி அது. ஆயினும் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவருக்கு, எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சை மையம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது. சுந்தரவனத் தீவிலோ ஜார்கிராம் காட்டோரத்திலோ அதே காயம் நேர்ந்தால், அதே மையத்தை அடையப் பல மணி நேரம் ஆகும்.

காயத்தால் நேரும் மரணங்களை மூன்று வகையாகப் பிரிப்பது மருத்துவ நூல்களின் வழக்கம். அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் டிரங்கி 1983ஆம் ஆண்டு விளக்கிய பகுப்பு இது. முதல் வகையினர் சம்பவ இடத்திலேயே இறப்பவர்கள். இவர்களைக் காக்கும் வழி விபத்துத் தடுப்பு ஒன்றே. இரண்டாம் வகையினர் இரத்தப்போக்காலோ, மூச்சுத் தடையாலோ, மூளையை அழுத்தும் இரத்தக் கட்டியாலோ முதல் சில மணி நேரத்தில் இறப்பவர்கள். மூன்றாம் வகையினர் நாட்கள் சென்றபின் நச்சுத் தொற்றாலும் உறுப்புச் செயலிழப்பாலும் இறப்பவர்கள். இரண்டாம் வகையினரின் உயிர் முதலில் சென்றடையும் மருத்துவமனையின் கையில் உள்ளது. மூன்றாம் வகையினரின் முடிவும் பெருமளவுக்கு அங்கு நடந்த முதல் சிகிச்சையைப் பொறுத்தது.

ஒரு வழக்கு தரும் பாடம்

1992 ஜூலை 8 அன்று இரவு ஏழே முக்கால் மணியளவில், கொல்கத்தாவுக்குத் தெற்கே, தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் மதுராப்பூர் நிலையத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் கடுமையாகக் காயமுற்றார். மதுராப்பூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லாததால், டயமண்ட் ஹார்பர் துணைக்கோட்ட மருத்துவமனைக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ செல்லுமாறு மருத்துவ அலுவலர் பரிந்துரைத்தார். உறவினர் அவரைக் கொல்கத்தாவுக்குக் கொண்டு சென்றனர். நள்ளிரவுக்குச் சற்று முன்பு முதல் மருத்துவமனையை அடைந்தபோது, உடனே அனுமதிக்க வேண்டிய நிலை என்று மருத்துவர் குறித்தார். ஆனால் படுக்கை இல்லை. மறுநாள் காலை வரை ஆறு அரசு மருத்துவமனைகளின் வாயில்களை அவர் கண்டார். ஓரிடத்தில் இடமில்லை; மற்றோரிடத்தில் நரம்பியல் அவசரப் பிரிவு இல்லை. இறுதியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவில் பிழைத்தார்.

மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் இதனை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 1996 மே 6 அன்று வழங்கிய தீர்ப்பில், அரசு மருத்துவமனைகள் உரிய காலத்தில் சிகிச்சை அளிக்கத் தவறியது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதி செய்யும் உயிர்வாழும் உரிமையை மீறியதாகும் என நீதிமன்றம் கூறியது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இக்கடமையிலிருந்து அரசு விலக இயலாது என்பதும் தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றம் சுட்டிய பரிகாரங்கள் நிர்வாக மாணவர்கள் கருத்தூன்றிக் கற்கத் தக்கவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் நிலையைச் சீராக்கும் வசதி; கடுமையான நோயாளிகளுக்கும் சிகிச்சை தரும் அளவுக்கு மாவட்ட, துணைக்கோட்ட மருத்துவமனைகளை உயர்த்துதல்; எங்கு படுக்கை உண்டு என்று உடனே அறியும் மையத் தகவல் தொடர்பு; கருவிகளும் பணியாளரும் கொண்ட ஊர்தி. நகரின் பெரிய மருத்துவமனைகளில் படுக்கைகளைக் கூட்டுவது மட்டுமே தீர்வு என்று நீதிமன்றம் கருதவில்லை. நோயாளி கடந்து வந்த இடைநிலை மருத்துவமனைகளை வலுப்படுத்தவும் அது வழி காட்டியது. அத்தகைய மருத்துவமனையின் மையமாக விளங்குபவர் பொது அறுவை மருத்துவர்.

பொது அறுவை மருத்துவர் யார்?

வயிறு, குடல், மார்பகம், தோல், மென்திசு முதலியவற்றின் அறுவைச் சிகிச்சையில் பட்டமேற்படிப்பு முடித்தவர் பொது அறுவை மருத்துவர். நகரில் மூளைக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், இரத்த நாளத்துக்கு ஒருவர் என்று பணி பகுக்கப்பட்டுவிட்டது. கிராமப்புறத்தில் அத்தகைய பகுப்பு இயலாது. விபத்தில் அடிபட்டவருக்கு ஒரே சமயத்தில் விலா எலும்பு முறிந்திருக்கும், மண்ணீரல் கிழிந்திருக்கும், தொடை எலும்பு நொறுங்கியிருக்கும். இவற்றுள் எது முதலில் உயிரைப் பறிக்கும் என்று கணித்து அதனை முதலில் கவனிக்க, உடல் முழுவதையும் ஒன்றாக நோக்கும் பயிற்சி வேண்டும்.

இத்துறையின் முக்கியமான பயிற்சி முறை கிராமப்புற விபத்து ஒன்றிலிருந்தே பிறந்தது என்பது நினைவுகூரத் தக்கது. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில வயல்வெளியில் விழுந்த சிறு விமானத்தை ஓட்டியவர் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர். மனைவி அவ்விடத்திலேயே இறந்தார். குழந்தைகள் கடுமையாகக் காயமுற்றனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் போதாமையைக் கண்ட அவர், தம் சகாக்களுடன் இணைந்து கிராமப்புற மருத்துவருக்கான பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். 1978இல் முதற் பயிற்சி நடைபெற்றது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றது. இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி இதுவேயாகும். மூச்சுப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு நிலை, உடலை முழுவதும் திறந்து நோக்கல் என்பது அது கற்பிக்கும் வரிசை. நோயின் பெயரை முழுமையாக அறியும் முன்பே உயிரைப் பறிக்கும் கோளாறை நீக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மாவட்ட அளவில் செய்யக்கூடியவை

முதலாவது, மூச்சு. மார்புக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்கு மார்பறையைத் திறக்கும் பெரிய அறுவை தேவைப்படுவதில்லை. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்றையும் இரத்தத்தையும் ஒரு குழாய் வழியாக வெளியேற்றினாலே பலர் பிழைக்கின்றனர். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. பழகிய கை வேண்டும்.

இரண்டாவது, இரத்தப்போக்கு. வெளியே தெரியும் இரத்தத்தை அழுத்திப் பிடித்தோ, கட்டுப்பட்டை இட்டோ நிறுத்தலாம். வயிற்றுக்குள் கசியும் இரத்தத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் சில நிமிடங்களில் கண்டறியலாம். 40 நாடுகளில் 20,211 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ‘கிராஷ்–2’ ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலம் என்ற எளிய மருந்து இறப்பு விகிதத்தை 16.0 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காடாகக் குறைத்ததைக் காட்டியது. இந்திய மருத்துவமனைகளும் இவ்வாய்வில் பங்கேற்றன. காயமுற்ற மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் இம்மருந்து நன்மை தரும். அதன் பின்னர் கொடுத்தால் தீங்கும் விளையலாம் எனத் தொடர் பகுப்பாய்வு உணர்த்தியது. எனவே இம்மருந்து இருக்க வேண்டிய இடம் நோயாளி முதலில் வந்தடையும் மருத்துவமனையே.

மூன்றாவது, சேதக் கட்டுப்பாட்டு அறுவை. 1993இல் ரொட்டொண்டோ, ஷ்வாப் முதலிய அறுவை மருத்துவர்கள் இப்பெயரால் விளக்கிய முறை இது. அதிக இரத்தம் இழந்தவரின் உடல் குளிர்கிறது; இரத்தத்தில் அமிலம் மிகுகிறது; இரத்தம் உறையும் தன்மையை இழக்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று தூண்டி உயிரைக் குடிக்கும். அந்நிலையில் பல மணி நேரம் நீளும் முழுமையான அறுவையை அவர் தாங்கமாட்டார். ஆகவே முதற்கட்டத்தில் வயிற்றைத் திறந்து, இரத்தம் கசியும் இடத்தில் துணிப் பட்டைகளை அடைத்து, கிழிந்த குடலைக் கட்டி, தற்காலிகமாக மூடிவிடுவர். இரண்டாம் கட்டத்தில் உடலைச் சூடாக்கி, இரத்தம் ஏற்றி நிலைப்படுத்துவர். ஓரிரு நாட்களுக்குப் பின் மூன்றாம் கட்டமாக முழு அறுவையைச் செய்வர். முதற்கட்டத்தைப் பாலசோரிலோ டயமண்ட் ஹார்பரிலோ செய்து, ஏனைய இரு கட்டங்களைப் பெருநகர மருத்துவமனையில் நிறைவேற்றலாம். கிராமப்புறத்துக்கு இம்முறை ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

நான்காவது, எலும்பு முறிவு. தோலைக் கிழித்து வெளிவந்த முறிவை நன்கு கழுவி, தாமதமின்றி நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தும் டெட்டனஸ் தடுப்பும் கொடுத்து, வெளிப்புறச் சட்டத்தால் நிலைநிறுத்தினால் காலும் உயிரும் காக்கப்படும்.

ஐந்தாவது, தலைக்காயம். மூச்சும் இரத்த அழுத்தமும் குன்றாமல் காப்பதே மூளைக்குச் செய்யும் முதல் உதவி. மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கி உயிர் ஊசலாடும்போது, நரம்பியல் மையம் எட்டாத தொலைவில் இருந்தால், பொது அறுவை மருத்துவரே மண்டையோட்டில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்க நேரிடும். பரந்த நாடான ஆஸ்திரேலியாவில் இதற்கென வழிகாட்டி நெறிகள் வகுக்கப்பட்டுள்ளன. தொலைவிலுள்ள நிபுணரின் ஆலோசனையை உடனுக்குடன் பெறுவதும் இன்று எளிதாகியுள்ளது.

உலக அறுவைச் சிகிச்சை பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை ஓர் அளவுகோலைத் தந்தது. சிசேரியன் பேறு, வயிற்றைத் திறக்கும் அறுவை, திறந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றையும் செய்யவல்ல மருத்துவமனை, ஏனைய அவசர அறுவைகளில் பெரும்பாலானவற்றையும் செய்ய வல்லதாயிருக்கும். அத்தகைய மருத்துவமனையை மக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் அடைய வேண்டும். மாவட்ட அதிகாரி தம் வரைபடத்தில் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இடைவெளிகள் எங்குள்ளன என்பது புலனாகும்.

எல்லையை அறிதலும் கடமையே

எல்லாவற்றையும் தாமே செய்ய முற்படுவது பொது அறுவை மருத்துவரின் கடமையன்று. யாரை இங்கு அறுவை செய்வது, யாரை உடனே அனுப்புவது, யாரை நிலைப்படுத்தியபின் அனுப்புவது என்று தீர்மானிப்பது அறுவையைப் போன்றே திறன் வேண்டும் பணியாகும். ஒருசேரப் பலர் வரும்போது காயத்தின் கடுமைக்கேற்ப அவர்களை வகைப்படுத்துவதும் அவர் பொறுப்பே. உரக்க அலறுபவரைவிட, ஓசையின்றி வெளிறிக் கிடப்பவர் பெரும்பாலும் அதிக ஆபத்தில் இருப்பார். அனுப்பும் முன் ஏற்கும் மருத்துவமனையுடன் பேசிப் படுக்கையை உறுதி செய்வதும், செய்த சிகிச்சையை நேரத்துடன் எழுதி அனுப்புவதும், வழியில் துணைக்கு ஒருவரை அமர்த்துவதும் இன்றியமையாதவை. 1992இல் மதுராப்பூர்த் தொழிலாளிக்குக் கிடைக்காமற் போனவற்றுள் இவையும் அடங்கும்.

பற்றாக்குறையும் பரிகாரமும்

2021–22ஆம் ஆண்டுக்கான ஊரக சுகாதாரப் புள்ளிவிவரங்களின்படி, நாட்டின் கிராமப்புறச் சமுதாய நல மையங்களில் தேவைப்பட்ட அறுவை மருத்துவருள் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் இல்லை. இருக்கும் ஒருவரும் தனித்து நின்றால் பயனில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், பயிற்சி பெற்ற செவிலியர், இரத்தம், மின்சாரம், இயங்கும் ஊர்தி ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவர் கை கட்டப்பட்டுவிடுகிறது. அறுவை மருத்துவரை ஓரிடத்திலும் மயக்கவியல் மருத்துவரை வேறோரிடத்திலும் நியமிக்கும் நிர்வாகம் இரு ஊதியங்களையும் வீணாக்குகிறது எனலாம். ஒவ்வொரு மையத்திலும் ஒருவரை அமர்த்தி அவரையும் செயலற்றவராக்குவதைவிட, தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில் முழுக் குழுவை இரவு பகலாக இயங்கச் செய்வதே பொருத்தமாகும். இரத்த வங்கி இல்லாத இடங்களில் இரத்தச் சேமிப்பு மையம் அமைக்கச் சட்டம் இடமளிக்கிறது.

பயிற்சித் துறையில் ஒரு நற்றொடக்கம் ஏற்பட்டுள்ளது. பட்டமேற்படிப்பு மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என 2020இல் விதி வகுக்கப்பட்டது. கார்டன் ரீச் போன்ற நகர்ப்புற மருத்துவமனைகளின் அனுபவமும், பாலசோர் போன்ற மாவட்ட மருத்துவமனைகளின் தேவையும் மருத்துவர் பரிமாற்றத்தால் இணையுமானால் இருதரப்பும் பயனடையும்.

சட்டமும் துணை நிற்கிறது. காவல்துறை நடைமுறைக்குக் காத்திராமல் காயமுற்றவருக்கு முதலில் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்தில் உதவுவோருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், மாநில எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை ஏற்கிறது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்தது. பணமும் சட்டமும் இவ்வாறு வழியைத் திறந்துள்ளன. அவ்வழியே வரும் நோயாளியை ஏற்கத் திறன் படைத்த கை அங்கு இருக்க வேண்டும்.

முடிவுரை

ஒரு மாவட்டத்தின் விபத்துச் சிகிச்சையை மதிப்பிட விரும்பும் அதிகாரி, அங்குள்ள கட்டடங்களை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. இரவு இரண்டு மணிக்கு, வயிற்றில் இரத்தம் கசியும் ஒருவர் துணைக்கோட்ட மருத்துவமனைக்கு வந்தால், எத்தனை நிமிடத்தில் அவர் அறுவை மேசையை அடைவார்? அவருக்கு ஏற்ற இரத்தம் எங்கிருக்கிறது? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? இக்கேள்விகளுக்குப் பெயரும் நேரமும் குறித்து விடை கிடைக்கும் மாவட்டத்தில் விபத்துச் சிகிச்சை உண்மையிலேயே நடைபெறுகிறது எனலாம். விடை கிடைக்காத இடங்களில், பொது அறுவை மருத்துவரை அவருடைய முழுக் குழுவோடு நியமிப்பதே திட்டமிடுவோரின் முதற் பணியாதல் வேண்டும்.